வேலை கிடைத்ததும் வாத்தியத்தை இறக்கி வைக்க வேண்டுமா?

படிக்கிற காலத்தில் பாட்டும் வாத்தியமும் இருக்கலாம், உத்தியோகம் கிடைத்ததும் அதை மூட்டை கட்டி வைத்துவிட வேண்டும் என்பது இலங்கை மலையகத்தில் யாரும் எழுதி வைக்காத, ஆனால் எல்லோரும் கடைப்பிடிக்கிற விதி. நுவரெலியா, தலவாக்கலை, கொட்டகலை, ஹட்டன் என்று எந்தப் பக்கம் போனாலும் நிலைமை இதுதான். பாடசாலை பாண்ட் குழுவில் ட்ரம் அடித்த பையன் வங்கியில் சேர்கிறான். தமிழ்த்தினப் போட்டியில் பாடிப் பரிசு வாங்கிய பெண் கணித ஆசிரியை ஆகிறாள். மிருதங்கம் பழகியவன் தேயிலை ஸ்டோரில் உத்தியோகத்தன் ஆகிறான். அன்றோடு சரி. இவர்கள் மாலையில் கல்லூரி இசைக்குழுவோடு சேர்ந்து வாசிக்கலாமே என்று யாராவது சொன்னால், “வளர்ந்த ஆளுக்குப் படிக்கிற பிள்ளைகளோடு என்ன வேலை?” என்ற பதில் தயாராக இருக்கிறது. பெற்றோர் சொல்கிறார்கள், அதிபர்கள் சொல்கிறார்கள், இசை படித்தவர்களும் சொல்கிறார்கள். இந்த விதி தவறு. மலையகத்து இசை கண்ணெதிரே கரைந்து போவதற்கு இன்று இருக்கிற காரணங்களில் இதைத்தான் முதலில் வைப்பேன்.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழுப் பலத்தோடு எடுத்துக்கொள்வோம். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, பல பத்தாண்டுகள் நாடற்றவர்களாக லயத்து அறைகளில் கிடந்த சமூகம் இது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதே 1970களில்தான். படிப்பு ஒன்றே ஏணி என்று பிடித்து ஏறியவர்கள் கையில் இருக்கும் நேரத்தை வேறு எதற்கும் கொடுக்கத் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. இசை என்பது முறையாகப் பயில வேண்டிய துறை. அரைகுறையாகத் தெரிந்தவர்கள் மேடையேறினால் தரம் கெடும் என்பது இன்னொரு வாதம். கல்லூரி மாணவர்களுக்கானது, அங்கே இருக்கிற நாலு வாத்தியமும் ஒரு மண்டபமும் அவர்களுக்கே போதாது என்பது மூன்றாவது. நான்காவதுதான் மிகக் கனமானது: தப்பு என்கிற பறை எங்கள் மேல் சாதி குத்திய முத்திரை, அதைத் தூக்கி எறிந்துதான் நிமிர்ந்தோம், மறுபடியும் எடு என்கிறீர்களா? இவற்றைச் சொல்பவர்கள் தங்கள் சமூகத்தின் மேல் அக்கறை உள்ளவர்களே. ஆனால் நான்கு வாதங்களும் ஒரே அடித்தளத்தில் நிற்கின்றன. இசை ஒன்றில் ஒருவரின் பிழைப்பாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பிள்ளைகளின் பொழுதுபோக்காக இருக்க வேண்டும். மூன்றாவது இடம் அதற்குக் கிடையாது. இந்த அடித்தளம் வேறெங்காவது செல்லலாம், மலையகத்தில் செல்லாது.

மலையகத்தில் இசை எந்தக் காலத்திலும் இசையால் பிழைத்தவர்களிடம் இருந்ததில்லை. 1820களில் கோப்பித் தோட்டங்களுக்கு ஆட்கள் கொண்டுவரப்பட்ட காலத்திலும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட பிறகு மலை முழுக்கத் தேயிலையான காலத்திலும், பாடியவர்கள் கொழுந்து எடுத்தவர்கள், தப்படித்தவர்கள் கவ்வாத்து வெட்டியவர்கள். விடியுமுன் ஆட்களை எழுப்பி, வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்துக்கு வரவழைத்ததும் தப்புதான். சாமி கும்பிட்டபோதும் சாவு வீட்டிலும் ஒலித்ததும் அதே தப்புதான். மாசி மாதம் காமன் நட்டு, ரதிக்கும் மதனுக்கும் கலியாணம் முடித்து, கடைசி இரவு விடிய விடிய ஆடித் தகனம் வரைக்கும் கொண்டுபோகிற காமன் கூத்தில் வேடம் கட்டியவர்கள் யார்? மறுநாள் மலைக்கு வேலைக்குப் போனவர்கள். அந்தக் கூத்தைப் பழக்கிய வாத்தியாரும் எந்த மன்றத்திலும் சம்பளம் வாங்கியவரல்ல, தோட்டத்துச் செக்ரோல் பதிவேட்டில் அவரும் ஒரு பேர். 1930களில் கோ. நடேசய்யரும் மீனாட்சியம்மாளும் தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டியபோது மக்கள் அறிந்த மெட்டுகளில் பாட்டுக் கட்டி, சிறு நூல்களாக அச்சிட்டு, கூட்டங்களில் பாடினார்கள். நடேசய்யர் பத்திரிகையாளர், ஹட்டன் தொகுதியின் அரசாங்க சபை உறுப்பினர். தோட்டத்துப் பாடல்களைத் தேடித் தொகுத்து 1983இல் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்ற நூலாகத் தந்த சி.வி. வேலுப்பிள்ளை ஆசிரியராகவும் தொழிற்சங்கவாதியாகவும் இருந்தவர், 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். வேறு வேலை பார்த்தவர்கள் இசையைக் கைவிட்டிருந்தால் இன்று ‘மலையக இசை’ என்று சொல்லிக்கொள்ள நம்மிடம் எதுவும் மிஞ்சியிருக்காது. இனி ஒவ்வொரு வாதமாக எடுத்துக்கொள்வோம்.

1. “நேரமும் இல்லை, காசும் இல்லை, இதில் வாத்தியம் வேறா?”

இந்த வாதத்துக்குப் பின்னால் இருக்கிற வறுமையை நான் மறுக்கவில்லை. நாட்சம்பளம் 1000 ரூபாய் என்ற கோரிக்கை பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 2021 மார்ச்சில்தான் சம்பள நிர்ணயச் சபை வழியாக நிறைவேறியது. குறித்த கிலோ கொழுந்து நிறுவையில் காட்டாவிட்டால் அரைநாள் சம்பளமாக ‘அரைப்பேர்’ போடும் வழக்கம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இதிலிருந்து பெறக்கூடிய முடிவு என்ன? சம்பளம் உயர வேண்டும், உழைப்பவருக்கு ஓய்வு வேண்டும் என்பதுதான். ஓய்வு கிடைத்தாலும் அதில் தப்பைத் தொடாதே என்ற முடிவு இதிலிருந்து எப்படி வரும்? அதிலும், இந்த வாதம் இன்று பெரும்பாலும் சொல்லப்படுவது கொழுந்து எடுப்பவரை நோக்கியல்ல. சனி ஞாயிறு விடுமுறை உள்ள எழுதுவினைஞரையும், பிற்பகலிலேயே பாடசாலை விடும் ஆசிரியரையும், வங்கி ஊழியரையும் நோக்கித்தான். அவர்களுடைய மாலைப் பொழுதைத் தொலைக்காட்சித் தொடர் எடுத்துக்கொள்கிறது, கைபேசி எடுத்துக்கொள்கிறது, சிலருடைய பொழுதைச் சாராயக் கடையும் எடுத்துக்கொள்கிறது. அவற்றுக்கெல்லாம் எழாத எதிர்ப்பு வாரத்தில் இரண்டு மணி நேர ஒத்திகைக்கு மட்டும் எழுகிறது.

வறுமையில் இசை எதற்கு என்போர் இன்னொரு உழைக்கும் சமூகத்தைப் பார்க்க வேண்டும். நம்மைத் தோட்டங்களில் கொண்டுவந்து குடியேற்றிய அதே பிரித்தானியாவில், நெசவாலைகளிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் வேலை செய்தவர்கள் பித்தளை வாத்தியக் குழுக்கள் கட்டினார்கள். யோர்க்ஷயரில் பிளாக் டைக் ஆலைக் குழு 1855இல் அந்தப் பெயரில் உருவானது. கிரைம்தோர்ப் சுரங்கக் குழு 1917இல் தொடங்கியது. சுரங்கத்தை மூடப்போவதாக 1992 அக்டோபரில் அறிவிப்பு வந்த சில நாள்களிலேயே லண்டன் ரோயல் ஆல்பர்ட் மண்டபத்தில் அந்தக் குழு தேசியப் போட்டியில் முதலிடம் பெற்றது. அடுத்த ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது. குழு இன்றுவரை வாசித்துக்கொண்டிருக்கிறது. இங்கே கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. அங்கே வாத்தியங்களுக்கும் ஒத்திகை இடத்துக்கும் ஆலையும் சுரங்கமும் கை கொடுத்தன. இங்கே தோட்ட நிர்வாகம் தப்பைப் பயன்படுத்தியது ஆளை எழுப்பி வேலைக்கு அனுப்புவதற்கு. அந்தக் குறையைக் கல்லூரிகள்தான் ஈடு செய்ய முடியும் என்பதால்தான் கல்லூரிக் குழு என்று அழுத்திச் சொல்கிறேன்.

நேரமில்லை என்ற வாதம் யார் மேல் அதிகமாக விழுகிறது என்றும் பார்க்க வேண்டும். ஆணுக்கு வேலை கிடைத்ததும் முடிகிற வாசிப்பு, பெண்ணுக்குக் கலியாணப் பேச்சு தொடங்கியதுமே முடிந்துவிடுகிறது. காமன் கூத்தில் ரதியாக ஆணே வேடம் கட்டிய மரபில், பெண் முதன்முதலாக வாத்தியத்தைத் தொட்ட இடம் பாடசாலைதான். பாடசாலையோடு அதுவும் போய்விட்டால் அவளுக்கு வாத்திய இசையில் இருந்த ஒரே வாசலும் அடைபடுகிறது.

2. “முறையாகப் படிக்காதவர்கள் சேர்ந்தால் தரம் கெடும்.”

தரம் என்பதை யார் காப்பாற்றினார்கள் என்று வரலாற்றைக் கேட்டால் இந்த வாதம் நிற்காது. தமிழிசை ஆராய்ச்சியின் பெருநூல்களில் ஒன்றான ‘கருணாமிர்த சாகரம்’ 1917இல் வெளிவந்தது. அதை எழுதிய ஆபிரகாம் பண்டிதர் தஞ்சாவூரில் சித்த மருத்துவம் செய்தவர். அதற்கு முன்பே, 1912 தொடங்கி, தஞ்சாவூரில் இசை மாநாடுகளைத் தம் செலவில் கூட்டினார். 1947இல் வெளிவந்த ‘யாழ் நூல்’ சுவாமி விபுலாநந்தருடையது. அவர் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி, பாடசாலைகளில் விஞ்ஞானம் கற்பித்தவர், பிறகு தமிழ்ப் பேராசிரியர். வேறு துறையில் காலூன்றியவர்கள் என்பதால் இவர்களுடைய இசையறிவு குறைந்துவிடவில்லை. விபுலாநந்தரிடம் இருந்த கணித அறிவு இல்லாமல் யாழின் நரம்புகளைக் கணக்கிட்டிருக்க முடியாது.

இவர்கள் மேதைகள், சாதாரணர்களுக்குப் பொருந்தாது என்று சொல்லக்கூடும். சரி, மலையகத்துக்குப் பக்கத்திலேயே, பேராதனையில் நடந்ததைப் பார்ப்போம். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். 1962இல் ‘கர்ணன் போர்’, அதன் பின் ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலி வதை’. ஆடியவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். நாடகமோ இசையோ அவர்களுக்குப் பாடமல்ல. பழக்கியவர்கள் கிராமத்திலிருந்து வந்த அண்ணாவிமார். கூத்தை மட்டும் நம்பி வயிறு வளர்த்தவர்கள் அல்லர் அவர்கள். வயலும் களமும் கண்டவர்கள். பட்டம் பெறாத வளர்ந்தவர்களும் பட்டத்துக்குப் படிக்கிற இளையவர்களும் ஒரே களரியில் நின்றதால் தரம் கெட்டதா? ஈழத்துத் தமிழ் நாடக வரலாற்றில் கூத்தின் மறுமலர்ச்சி என்று பேசப்படுவது அந்தச் சந்திப்பைத்தான். அதில் ஆடிய மாணவர்களில் ஒருவரான சி. மௌனகுரு பிற்காலத்தில் அந்தத் துறைக்கே பேராசிரியரானார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1956இல், எதிரிவீர சரச்சந்திர பேராதனை மாணவர்களை வைத்து ‘மனமே’யை மேடையேற்றியபோதும், நாடகம என்ற சிங்களக் கூத்தின் இசையை அறிந்த குணசிங்க குருன்னான்சேயைத் தேடிப் போய்த்தான் பழகினார்கள். சிங்களத்திலும் தமிழிலும் நம் நாட்டுப் பல்கலைக்கழக அரங்கின் பெருமைக்குரிய தருணங்கள் இரண்டும், கல்லூரியின் கதவை வெளியாளுக்குத் திறந்ததால் வந்தவை.

தரம் என்று பேசுகிறவர்கள் ஒரு தப்பை மட்டும் கையில் எடுத்துப் பார்க்கட்டும். மலையகத்துப் பனியில் ஒரு மணி நேரம் வெளியே வைத்தால் தோல் ஈரம் குடித்துத் தொய்ந்துவிடும். அடித்தால் மொத் மொத்தென்று செத்த ஓசை வரும். சருகோ காகிதமோ கொளுத்தி, அந்தத் தீயில் முகத்தைக் காட்டி, விளிம்பைத் திருப்பித் திருப்பிக் காய்ச்ச வேண்டும். கொஞ்சம் குறைந்தால் ஓசை எழும்பாது. கூடிவிட்டால் தோல் கருகிப் பிளந்துவிடும். இடையிடையே விரலால் தட்டிப் பார்த்துக் காது கொடுக்க வேண்டும், கணீரென்று ஒரு வெட்டு வருகிற இடத்தில் தீயை விட்டு எடுக்க வேண்டும். நுவரெலியாப் பக்கத்து மாசி இரவில் இதை ஒரு தடவை செய்தால் போதாது. கூத்து விடிவதற்குள் பல தடவை காய்ச்ச வேண்டியிருக்கும். க.பொ.த. சாதாரண தரத்துக் கர்நாடக சங்கீதப் பாடத்திட்டத்தில் இது இல்லை. வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளும் இதற்காக வந்தவை அல்ல. இந்த அறிவு இருப்பது தோட்டத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரின் விரலிலும் காதிலும். அவரைக் கல்லூரிக் குழுவுக்குள் விடமாட்டோம் என்றால், தரத்தை வெளியே நிறுத்திவிட்டுத் தரத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்றுதான் பொருள்.

கர்நாடக இசையில் நிலைமை வேறு, அங்கே பயிற்சி பெற்றவர் வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் அங்கேயும் இந்த வாதம் தனக்கே எதிராகத் திரும்புகிறது. இசையில் பட்டம் பெற விரும்பும் மலையகத்துப் பிள்ளை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கோ, மட்டக்களப்பு சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்கோதான் போக வேண்டியிருக்கிறது. மலையிலேயே தமிழில் இசைப் பட்டம் தரும் நிறுவனம் கிடையாது. அப்படியிருக்க, முழுநேர இசைக் கலைஞர்களை மட்டுமே வைத்துக் குழு கட்டுவோம் என்று காத்திருந்தால் எந்தக் குழுவும் உருவாகாது. பதினைந்து வருடம் மிருதங்கம் வாசித்துவிட்டு இன்று மக்கள் வங்கியில் காசாளராக இருப்பவர்தான் இந்த மலையில் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த மிருதங்கக்காரராகவும் இருக்கக்கூடும். அவர் வங்கியில் இருக்கிறார் என்பதற்காக அவருடைய கையை நாம் இழக்க வேண்டுமா?

3. “கல்லூரி மாணவர்களுக்கு. வெளியாள் வந்தால் அவர்களுடைய இடம் போகும்.”

கேட்பதற்கு மாணவர் பக்கம் நிற்பது போல இருக்கும் இந்த வாதம், நடைமுறையில் மாணவர்களுக்குத்தான் அதிகக் கேடு செய்கிறது. பத்தனையில் இருக்கும் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். மலையகத்துத் தமிழ்மொழி மூல ஆசிரியர்களை உருவாக்குவதில் அதற்கு இருக்கும் இடம் பெரிது. கல்வியியற் கல்லூரிகளில் பயிற்சி மூன்று ஆண்டு. இரண்டு ஆண்டு கல்லூரியில் தங்கி, மூன்றாவது ஆண்டு பாடசாலைகளில் கட்டுறுப் பயிற்சி. அதாவது, அப்படியொரு கல்லூரியில் மாணவர்களை மட்டும் கொண்ட எந்தக் குழுவுக்கும் ஆயுள் இரண்டே ஆண்டு. முதல் ஆண்டில் கை படிய வேண்டும், இரண்டாம் ஆண்டில் காது திருந்த வேண்டும், குழுவாக ஒன்றை உருப்படியாக வாசிக்கத் தொடங்கும்போது மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விட வேண்டும். அடுத்து வருகிறவர்கள் மறுபடியும் முதற்படியில். பாடசாலைக் குழுவிலும் கதை இதுதான். உயர்தரப் பரீட்சை நெருங்கியதும் நன்றாக வாசிக்கிற பிள்ளைகள்தான் முதலில் விலகுவார்கள். ஒவ்வொரு முறையும் அதே இரண்டு வரவேற்புப் பாடல், அதே அணிவகுப்பு மெட்டு. இருபது வருடம் ஓடிய குழு என்று பெயர் இருக்கும்; உண்மையில் ஒரே இரண்டு வருடத்தைப் பத்துத் தடவை ஓட்டியிருப்பார்கள்.

ஒரு குழுவுக்கு நினைவு வேண்டும். சென்ற ஆண்டு எந்த இடத்தில் தாளம் பிசகியது, இந்தப் பாட்டை அந்தத் தோட்டத்தில் எந்த நடையில் பாடுவார்கள், தப்புக்கும் மிருதங்கத்துக்கும் சுருதி எப்படி ஒத்துவரச் செய்தோம் என்பதை யாராவது வைத்திருக்க வேண்டும். மாணவர்கள் மாறிக்கொண்டிருக்கும்போது மாறாமல் ஐந்தாறு பேர் இருந்தால்தான் அது நடக்கும். ஊரிலேயே வேலை பார்க்கிற பழைய மாணவர், பக்கத்துப் பாடசாலை ஆசிரியை, ஆஸ்பத்திரித் தாதி, தோட்டத்து வெளிக்கள உத்தியோகத்தர் ஆகியோர்தான் அந்த ஐந்தாறு பேர். புதிதாக வந்த மாணவி அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கும்போது பத்து வருடப் பழக்கம் அவளுக்கு இனாமாகக் கிடைக்கிறது. இதில் அவளுடைய இடம் எங்கே பறிபோகிறது? அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் வாத்தியக் குழுக்கள் ஊர்மக்களையும் சேர்த்துக்கொண்டு நடப்பது சாதாரணம். பகலில் பொறியாளராகவும் பல் மருத்துவராகவும் இருப்பவர் மாலையில் மாணவர்களோடு உட்கார்ந்து வாசிக்கிறார்.

பிள்ளைகளின் பாதுகாப்பு என்று ஒரு கவலை உண்டு. அதை நான் தள்ளிவிடமாட்டேன். பாடசாலை வளாகத்துக்குள் யார் வேண்டுமானாலும் வந்து போகலாம் என்று விட முடியாது. பெயர்ப் பதிவு வேண்டும், பொறுப்பாசிரியர் இல்லாமல் ஒத்திகை கூடாது, பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் உள்ள இடத்தில் இந்த விதிகள் இறுக்கமாகவே இருக்க வேண்டும். கல்வியியற் கல்லூரியில் படிப்பவர்களோ வயது வந்தவர்கள், நாளைக்கே ஆசிரியர்களாகப் போகிறவர்கள். ஆகவே தொடங்க வேண்டிய இடம் அங்கேதான்.

வாத்தியம் போதாது என்பது கடைசியில் சொல்லப்படுவது. தன் சம்பளத்தில் ஒரு மிருதங்கமோ வயலினோ வாங்கக்கூடியவர் வேலை செய்கிறவர்தான். அவர் வந்தால் வாத்தியம் குறையுமா, கூடுமா?

4. “தப்பு இழிவின் அடையாளம். படித்தவன் அதைத் தொடக்கூடாது.”

இந்த வாதத்தை மட்டும் மரியாதையோடு, மெதுவாகத்தான் அணுக வேண்டும். தப்படிப்பது ஒரு சாதியின் கடமை என்று பிறப்போடு ஒட்டப்பட்டது. சாவு வீட்டில் அடித்தே ஆக வேண்டும், மறுக்க முடியாது, கூலியென்று கேட்கவும் முடியாது, கொடுப்பதை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும் என்ற நிலை இந்தியாவின் கிராமங்களிலிருந்து கப்பலேறி வந்து தோட்டங்களிலும் தொடர்ந்தது. கங்காணி முறை சாதியைக் கரைக்கவில்லை; லயங்களில் யாரை எங்கே குடிவைப்பது என்பதில்கூட அது இருந்தது. எனவே தன் மகன் தப்பைத் தொடக்கூடாது என்று ஒரு தந்தை சொன்னால், அந்தச் சொல்லில் பல தலைமுறையின் வலி இருக்கிறது. அவர் மறுத்தது சரி. கட்டாயமாக அடிக்க வேண்டியிருந்த இடத்தில் முடியாது என்று சொன்னது தன்மானம். அந்த மறுப்பைக் குறை சொல்ல, பிறப்பால் அந்தச் சுமையைச் சுமக்காத எவருக்கும் உரிமையில்லை.

ஆனால் இழிவு எங்கே இருந்தது? தோலிலும் கட்டையிலும் இருந்ததா, மறுக்க முடியாமையில் இருந்ததா? மறுக்க முடியாமையில்தான் என்றால், மறுக்கவும் ஏற்கவும் முடிகிற நிலையில் ஒருவர் அதை எடுப்பது வேறொரு செயல். இப்போது நடப்பதன் விளைவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். படித்தவர்கள் ஒவ்வொருவராக விலகும்போது தப்பு யாரிடம் போய் நிற்கிறது? விலக வசதியில்லாதவரிடம். மிகவும் ஏழையாக, படிக்க வாய்ப்பே இல்லாதவராக, ஒரு நாள் கூலிக்காக எந்தச் சாவு வீட்டுக்கும் போயாக வேண்டியவராக இருப்பவரிடம். விலகியவர் கௌரவம் பெற்றார்; விலக முடியாதவர் மேல் இழிவு இன்னும் கனமாக ஏறியது. தப்புக்கும் சாதிக்கும் இருக்கிற முடிச்சு இந்த வழியில் அவிழவே அவிழாது. எல்லாச் சாதியிலிருந்தும் வந்த ஆசிரியரும் தாதியும் எழுதுவினைஞரும் கல்லூரி மண்டபத்தில் வட்டமாக நின்று, அந்தப் பெரியவரை ஆசானாக வைத்து, அவர் சொல்கிற அடியை அடித்துப் பழகும்போதுதான் அவிழும். இன்ன பிறப்புக்காரர் அடிப்பது என்ற அடையாளம், எல்லோரும் அடிப்பது என்றானதும் செயலற்றுப் போகும்.

தமிழ்நாட்டில் இது கண்முன் நடந்திருக்கிறது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையெடுத்து ஆடினார்கள். இன்று சென்னையிலும் கடல் கடந்த நாடுகளிலும் கணினிப் பொறியாளர்களும் மாணவிகளும் வார இறுதியில் பறை பழகுகிறார்கள். பறையிசை ஆசான் வேலு ஆசானுக்கு 2025இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அறிவித்தது. சாதிப் பார்வை கண்ணில் படாத தூரத்தில் இருந்துகொண்டு பறையடிப்பது சுலபம், ஹட்டனில் நின்று அடிப்பது அப்படியல்ல என்று சொல்வோர் உண்டு. உண்மைதான். அதனால்தான் இதைத் தனியாளின் துணிச்சலுக்கு விட்டுவிட முடியாது. லயத்தில் ஒரு வாலிபன் தனியாகத் தப்பெடுத்தால் அவனுடைய சாதியைத்தான் ஊர் பார்க்கும். அதிபரும் பீடாதிபதியும் அமர்ந்திருக்கும் மேடையில், கல்லூரியின் பெயரோடு, வங்கி முகாமையாளரும் விஞ்ஞான ஆசிரியையும் அவனோடு சேர்ந்து எடுத்தால் பார்க்கிற கண் வேறாகிறது. 2023இல் மலையக மக்களின் வருகைக்கு 200 ஆண்டு என்று நினைவுகூர்ந்த காலத்தில் தப்பும் காமன் கூத்தும் நம் அடையாளம் என்று மேடைதோறும் பேசினோம். ஆண்டு நிறைவுக்கு மட்டும் அடையாளமாகவும், மற்ற நாள்களில் அவமானமாகவும் ஒரு வாத்தியத்தை வைத்திருப்பது நேர்மையல்ல.

5. “அப்படியானால் யார் பொறுப்பெடுப்பது?”

இது மறுப்பல்ல, நியாயமான கேள்வி, ஆகவே சுருக்கமாகப் பதில் சொல்லலாம். மலையகத்துக் கல்லூரிகளில் மாலை நான்கு மணிக்குப் பிறகு பூட்டியே கிடக்கும் மண்டபங்கள் இருக்கின்றன. வாரத்தில் இரண்டு மாலை ஒரு மண்டபத்தைத் திறந்துவைக்க வேண்டும். மாணவர், பழைய மாணவர், ஊரில் வேலை பார்ப்பவர், தோட்டத்துத் தொழிலாளர் யாராக இருந்தாலும் பெயர் பதிந்து சேரலாம் என்று அறிவிக்க வேண்டும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்து ஒத்திகை நேரத்தை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் டிக்கோயாவிலிருந்தும் மஸ்கெலியாவிலிருந்தும் எந்தப் பெண்ணும் வரமாட்டாள். பழைய மாணவர் சங்கங்கள் நுழைவாயில் வளைவுக்கும் நினைவுக் கல்லுக்கும் சேர்க்கிற பணத்தில் ஒரு பங்கை வாத்தியத்துக்கு ஒதுக்கலாம். ஆண்டுக்கு ஒரு தடவை, மாசியில், ஏதாவது ஒரு தோட்டத்தின் காமன் பொட்டலுக்குக் குழு போய் அங்கே இருப்பவர்களோடு சேர்ந்து வாசிக்க வேண்டும். மேடை நிகழ்ச்சியாக வெட்டிச் சுருக்காமல், விடியும்வரை. தப்புப் பழக்க வருகிற பெரியவருக்கு, வேறு பாடத்துக்கு வருகிற வருகை விரிவுரையாளருக்கு மணிக்கு என்ன கொடுப்பனவோ அதையே, அதே வவுச்சரில், அவருடைய முழுப் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும். வேட்டியும் சால்வையும் கொடுத்து அனுப்பிவிடக்கூடாது.